முத்திரை இல்லாத எடை

காரியாபட்டியில் எனக்குத் தானியக் கமிஷன் கடை. மக்காச்சோளம், குதிரைவாலி, உளுந்து, பருத்தி என்று சுற்றுப்பட்டுச் சம்சாரிகள் கொண்டுவருவதை எடை பார்த்து வாங்கி, விருதுநகருக்கும் மதுரைக்கும் ஏற்றிவிடுவது தொழில். அப்பா காலத்திலிருந்து எங்கள் கடைக்கு எடை சுத்தம் என்று ஒரு பெயர் உண்டு. அதை நானும் காப்பாற்றித்தான் வருகிறேன். ஆனால் என் வீட்டு மொட்டைமாடியில், சொந்த அக்கா மகனுக்கு நான் பொய் எடை போட்டேன். தெரிந்தே போட்டேன். அதை வெளியில் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது மருமகனுக்குப் பதினாறு வயது. அருப்புக்கோட்டையில் ஒரு ஜிம்முக்கு பஸ் ஏறிப் போய்க்கொண்டிருந்தான். பவர்லிஃப்டிங் என்றால் அவனுக்கு உயிர். ஸ்குவாட், பெஞ்ச் பிரஸ், டெட்லிஃப்ட் மூன்றையும் கூட்டி எத்தனை கிலோ என்று பார்க்கும் போட்டி அது. ஆகஸ்ட் 10ஆம் தேதி ஜிம்களைத் திறக்க அரசு அனுமதித்த பிறகும் அக்கா அவனை அனுப்பவில்லை. பயம். “வீட்லயே போட்டுக் குடுத்துடுவோம்க்கா, நான் பாத்துக்கிறேன்” என்று நான்தான் வாக்குக் கொடுத்தேன். அக்காவுக்கு மில்லில் வேலை. சீட்டு எடுத்த காசில் பத்தாயிரம் கொடுத்தாள். என் பங்கு பத்தாயிரம்.

மதுரையில் ஒரு விளையாட்டுச் சாமான் கடைக்குப் போய் விசாரித்தேன். வயதான கடைக்காரர், பொறுமையாகச் சொன்னார். முதலில் ராடு வாங்குங்கள், தட்டு எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம் என்றார். போட்டிக்குப் போகிற பையன் என்றால் ஏழடி ஒலிம்பிக் ராடுதான் வேண்டும். அதன் எடை 20 கிலோ. தட்டு மாட்டும் முனை இரண்டு அங்குலத் தடிமன். அதற்கு இரண்டு அங்குல ஓட்டை உள்ள தட்டுதான் சேரும். சாதாரண ராடு முழுநீளமும் ஒரே தடிமன், அதற்குச் சின்ன ஓட்டைத் தட்டு. இன்றைக்குச் சின்ன ஓட்டையில் வாங்கிக் குவித்துவிட்டு நாளைக்குப் பெரிய ராடு வாங்கினால் அத்தனை தட்டும் வீண். கையில் இருக்கும் காசுக்கு ராடும் அறுபது கிலோ இரும்பும் வரும், போதும், பையன் தூக்கத் தூக்கச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார். ஒன்றேகால் கிலோ, இரண்டரைக் கிலோ தட்டுகளில் இரண்டிரண்டு கட்டாயம் எடுக்கச் சொன்னார். பெரிய தட்டைவிடச் சின்னத் தட்டுதான் ஆளை வளர்க்கும் என்று அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது.

எல்லாம் கேட்டுவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன். அறுபது கிலோ என்பது எனக்குக் கௌரவக் குறைச்சலாகப் பட்டது. என் கடையில் ஒரு மூடை மக்காச்சோளமே அதைவிடக் கூட இருக்கும். அந்த ராத்திரி போனில் தேடினேன். பிளாஸ்டிக் ஓட்டுக்குள் சிமெண்டும் இரும்புத்தூளும் நிரப்பிய தட்டுகள், பிவிசி தட்டு என்பார்கள், இரும்பின் விலையில் பாதிகூட இல்லை. ஆறடி ராடு, கர்ல் ராடு, டம்பெல் ராடு, கையுறை, கயிறு எல்லாம் சேர்த்து ஒரே காம்போ. நூறு கிலோவுக்கு மேல் வரும் என்று போட்டிருந்தான். அந்த ‘நூறு’ என்னைப் பிடித்துக்கொண்டது. பையனுக்கு எது ஏற்றது என்று நான் யோசிக்கவில்லை. நம் மாடியில் நூறு கிலோ கிடக்கிறது என்று நாலு பேரிடம் சொல்லலாம் என்றுதான் யோசித்தேன். அங்கேயே என் தப்பு ஆரம்பித்துவிட்டது.

சாமான் வந்து இறங்கியதும் நானும் மருமகனும் ஒரு வாரம் மாடியே கதியாகக் கிடந்தோம். ஸ்குவாட் ஸ்டாண்டு ஊர் வெல்டிங் பட்டறையில் இரண்டு அங்குலச் சதுரப் பைப்பில் அடித்தது. ஆள் சறுக்கினால் ராடு விழாமல் தாங்க இரண்டு பக்கமும் குறுக்குக் கம்பி வைக்க மருமகன் சொன்னான், அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்காமல் செய்தேன். தரைக்குக் கிரஷரில் கழித்துப்போட்ட கன்வேயர் பெல்ட்டை வெட்டி விரித்தோம். எங்கள் பக்கம் குவாரியும் கிரஷரும் நிறைய. அந்த பெல்ட்டுக்கு நிகரான ரப்பர் விரிப்பு காசு கொடுத்தாலும் கிடைக்காது. மாடித் தளம் தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்டேன். ஆள் நடமாடும் மொட்டைமாடிக்குச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்று கட்டிடக் கணக்கு இருக்கிறது, நடுவில் போடாமல் சுவர் ஓரமாக, உத்தரத்துக்கு மேலே போடுங்கள் என்றார். இவ்வளவையும் விசாரித்த நான், தட்டின் எடையை மட்டும் விசாரிக்கவில்லை.

அடுத்த சித்திரை வெயிலில் ஒரு இருபது கிலோ தட்டு விளிம்பில் பிளந்தது. பெல்ட்டின் மேல் சாம்பல் நிறத்தில் தூள் கொட்டிக் கிடந்தது; விரலில் எடுத்துத் தேய்த்தால் நெறுநெறுவென்று சிமெண்டு. எம்-சீல் வைத்து அடைக்கலாம் என்று கடைக்குக் கொண்டுபோனேன். கையில் எதைத் தூக்கினாலும் தராசில் வைத்துப் பார்ப்பது என் பழக்கம். வைத்தேன். பதினெட்டு கிலோ நூறு கிராம்.

கொட்டிய தூளை வழித்துப் போட்டால் கால் கிலோகூடத் தேறாது. மிச்சம் எங்கே போயிற்று?

அன்று கடையைப் பூட்டிய பிறகு, ஆள் அரவம் இல்லாத நேரத்தில், எல்லாவற்றையும் இறக்கிவந்து ஒவ்வொன்றாக வைத்தேன். மற்ற இருபதுகள் 18.4, 18.9, 19.2. பத்துகள் 9.3, 9.0. ஐந்துகள் 4.7, 4.6. பத்துக் கிலோ என்று நாங்கள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ராடு எட்டே முக்காலுக்குச் சற்று மேலே, 8.8. ஆறடி நீளம், 28 மில்லிமீட்டர் தடிமன் உள்ள இரும்புக் கம்பி அவ்வளவுதான் இருக்கும். கொஞ்சம் கணக்குத் தெரிந்தவன் வாங்கும்போதே சொல்லியிருப்பான். பில் புத்தகத்தின் பின்பக்கம் கூட்டிப் பார்த்தேன். மருமகன் ‘நூத்திப்பத்து’ என்று தூக்கிக்கொண்டிருந்தது 101.7 கிலோ. கனம் குறைந்த தட்டெல்லாம் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டால் இடத்துக்கும் வலத்துக்கும் இரண்டு கிலோ வித்தியாசம் வந்தது. ஸ்குவாட்டில் எழும்போது அவன் சில நாள் ஒரு பக்கம் சாய்வான். “இடுப்பை நேராப் பிடிடா” என்று நான் சத்தம் போடுவேன். சாய்ந்தது இடுப்பில்லை, ராடு.

இது நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. வார்ப்பிரும்பு ஒரு லிட்டர் கொள்ளளவுக்கு ஏழு கிலோவுக்கு மேல் நிற்கும். கெட்டிப்பட்ட காங்கிரீட் இரண்டரைக் கிலோவுக்கும் குறைவு. அதனால்தான் பிவிசி தட்டு அவ்வளவு பருமனாக இருக்கிறது. பக்கத்துக்கு நாலு மாட்டினால் ராடு நிறைந்துவிடும். ஓட்டின் அளவு ஒன்றுதான், உள்ளே போகும் கலவையில் இரும்புத்தூள் ஒரு கை குறைந்தால் எடை குறையும். வெளியே அச்சில் ஊற்றிய ‘20’ மட்டும் மாறாது.

எடையைப் பற்றி எனக்குத் தெரியாதா? தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர் என் கடைத் தராசைச் சோதிப்பதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, இரும்பு எடைக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை. சோதனைக் கல்லைத் தராசின் நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால்தான் முத்திரை குத்துவார்கள். சான்றிதழை வருகிறவர் கண்ணில் படும்படி மாட்டிவைக்க வேண்டும். எங்கள் கடையில் கல்லாவுக்கு மேலேயே மாட்டியிருக்கிறது. உடற்பயிற்சித் தட்டு வியாபாரத்துக்கு எடை போடும் கல் இல்லை. அதற்கு முத்திரை வைக்க யாரும் மாடிக்கு வரப்போவதில்லை. அங்கே நான் ஒருவன்தான் அதிகாரி.

அந்தப் பில் தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். முதல் காரணம் அக்காவின் காசு. மில்லில் நின்ற காலோடு வேலை பார்த்துச் சேர்த்த பணத்தைச் சிமெண்டுக்குக் கொடுத்திருக்கிறேன் என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இரண்டாவது காரணம் அதைவிட அசிங்கமானது. “உங்க மருமகன் எவ்வளவுண்ணே போடுறான்?” என்று டீக்கடையில் கேட்பார்கள். நான் நம்பரைச் சொல்வேன். கேட்டவர்கள் வியப்பார்கள். அந்த வியப்பு எனக்குத் தேவையாக இருந்தது. சின்ன வயதில் நான் எதையும் தூக்கிக் காட்டியவன் இல்லை. அவன் முதுகில் ஏறி நான் பலசாலி ஆகிக்கொண்டிருந்தேன். எட்டுக் கிலோவைக் குறைத்தால் என் பேச்சில் எட்டுக் கிலோ குறையும்.

தெற்கே இளவட்டக்கல் தூக்கும் வழக்கம் இருந்தது. இளைஞன் கல்லைத் தோளுக்கு ஏற்றிப் பின்னால் போட்டால்தான் பெண் கொடுப்பார்கள் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருநெல்வேலி மாவட்டம் வடலிவிளையில் இன்றைக்கும் பொங்கலுக்குப் போட்டி நடக்கிறது. 45 கிலோவில் ஆரம்பித்து 129 கிலோ வரை வரிசையாகக் கற்கள். அந்தக் கல்லை நான் மதிப்பதற்குக் காரணம் உண்டு. அப்பன் தூக்கியதும் மகன் தூக்குவதும் ஒரே கல். அதற்குள் எதையும் குறைத்து நிரப்ப முடியாது. தூக்கியவன் தூக்கினான், முடியாதவன் அடுத்த வருஷம் வந்தான், ஊரே சாட்சி. எங்கள் மாடியில் சாட்சி நான், பொய்யும் நான்.

2022இல் மாவட்ட அளவில் ஒரு போட்டி வந்தது. சப்-ஜூனியர் பிரிவு, 66 கிலோ உடல் எடை. அந்த ஆண்டோடு அவனுக்கு அந்தப் பிரிவு முடிகிறது. அடுத்த வருஷம் இருபத்துமூன்று வயதுக்காரர்களோடு ஜூனியரில் மோத வேண்டும். வீட்டில் அவன் ஸ்குவாட் ‘நூற்றிருபது’. உண்மையில் 111.

முதல் நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டான். “மாமா, ஸ்குவாட்ல எதுல ஆரம்பிக்கட்டும்?”

அந்தக் கேள்வியில் எல்லாம் இருந்தது. பவர்லிஃப்டிங்கில் ஒவ்வொரு தூக்குக்கும் மூன்று வாய்ப்பு. முதலில் கேட்ட எடையில் தோற்றால் அடுத்தமுறை அதையே தூக்கலாம், கூட்டலாம், குறைக்க முடியாது. மூன்றும் போனால் அந்தத் தூக்கில் மதிப்பெண் இல்லை. மொத்தக் கணக்கிலும் ஆள் இல்லை. அதனால் ஆரம்ப எடை என்பது காய்ச்சலோடு வந்தாலும் தூக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்பார்கள் பழையவர்கள். அவனுடைய உண்மைப் பலத்துக்கு நூறில் ஆரம்பித்திருக்க வேண்டும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பான். ஏன் என்று கேட்டால் தட்டைச் சொல்ல வேண்டும்.

“நூத்திப்பத்து போடுடா” என்றேன். போட்டி வெறியில் எட்டுக் கிலோ தானாக வந்துவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். முத்திரை இல்லாத கல்லை வைத்து நிறுத்துக் கொடுக்கும் வியாபாரியும் தன்னை இப்படித்தான் தேற்றிக்கொள்வான்.

போட்டித் தட்டுகள் எடை திருத்தியவை. ராடு இருபது, இருபக்கக் கிளிப்பும் இரண்டரை இரண்டரை, எல்லாமும் எடையில் சேரும். ஒப்புக்குக்கூட இளக்கம் இல்லாத எடை. ராடைத் தோளில் வாங்கிய கணத்தில் அவன் முகம் மாறியதை நான் பார்த்தேன். இறங்கினான், பாதியில் ஏறமுடியாமல் நின்றான், பக்கத்தில் நின்ற பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டாவது முறை ஏறிவிட்டான், ஆனால் தொடை முட்டிக்குக் கீழே போகவில்லை என்று இரண்டு நடுவர்கள் சிவப்பு விளக்குப் போட்டார்கள். மூன்றாவது முறை இறங்கியவன் எழவில்லை. பெஞ்சும் டெட்லிஃப்டும் அவனுக்கு அன்றைக்கு அர்த்தம் இல்லாமல் போயிற்று.

இந்த விளையாட்டுகளில் எட்டுக் கிலோ சின்ன விஷயமில்லை. 2018 கோல்டு கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் நம் வேலூர் சதீஷ் சிவலிங்கம் பளுதூக்குதலில் தங்கம் வென்றது 317 கிலோவுக்கு. இரண்டாவது வந்த இங்கிலாந்துக்காரர் தூக்கியது 312. ஐந்து கிலோ. என் தட்டுகளில் காணாமல் போனது அதைவிட அதிகம்.

திரும்பி வரும்போது காரியாபட்டி விலக்கு வரை பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான். “மாமா, அங்க வெயிட்டு கூட இருந்த மாதிரி இருந்துச்சு. நம்ம வீட்டு வெயிட்டு சரியாத்தான இருக்கு?”

என்னிடம் நேராக வந்த கேள்வி. பதில் சொல்ல வேண்டிய இடம் அதுதான்.

“எல்லா எடத்துலயும் நூத்திப்பத்து நூத்திப்பத்துதான்டா. புது எடம், கூட்டம். பயந்துட்ட. போகப்போகச் சரியாயிரும்” என்றேன்.

இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்வதில் மிகப் பெரியது இந்த வாக்கியம். குறைந்த எடைத் தட்டை வாங்கியது அறியாமை. மறைத்தது கோழைத்தனம். ஆனால் தப்பு தட்டில் இருக்கும்போது அதைத் தூக்கி அவன் நெஞ்சுக்குள் வைத்தேனே, அதற்கு என்ன பெயர் சொல்வது? அவன் நம்பினான். தான் பயந்தவன் என்று நம்பினான். மாடிக்கு வருவது குறைந்தது. வந்தாலும் கனமான எடைக்கு முன்னால் நின்று நின்று திரும்பிவிடுவான். பள்ளியில் தன் வகுப்பில் யாரிடமும் போட்டிக்குப் போனதைச் சொல்லவில்லை என்று அக்கா சொன்னாள். “பய எதுக்கோ பயப்படுறான்டா, கோயில்ல மந்திரிச்சுக் கயிறு கட்டுவமா?” என்று என்னிடமே கேட்டாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த ஆண்டு முத்திரை ஆய்வாளர் கடைக்கு வந்திருந்தார். சோதனைக் கற்களை வைத்து எடுத்துக்கொண்டிருந்தபோது மருமகன் சாக்கு எடுக்கக் கடைக்கு வந்தான். அவர் முத்திரை குத்திவிட்டு, “உங்க கடைல எப்பவும் தொந்தரவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார். பையன் அதைக் கேட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான், பெருமையாக. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. ஆள் போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மாடியிலிருந்து இரண்டு இருபது கிலோ தட்டைக் கொண்டுவரச் சொன்னேன். தராசில் வைக்கச் சொன்னேன்.

பார்த்தான். வேறு ஒன்றும் கேட்கவில்லை. “உங்களுக்கு எப்பத் தெரியும்?” என்றான்.

“போட்டிக்கு முன்னாடியே.”

தட்டுகளைத் தரையில் வைத்துவிட்டுப் போனான். மறுநாள் மாடியில் இருந்த அவனுடைய பெல்ட்டையும் ஷூவையும் எடுத்துப்போக அக்காதான் வந்தாள். அவளிடமும் சொன்னேன். பத்தாயிரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். “காசு கெடக்குதுடா. பெத்த பிள்ளைய இத்தன நாளா பயந்தாங்கொள்ளின்னு நெனக்க வச்சிட்டியே” என்றாள். அதற்குப் பதில் என்னிடம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

அவன் இப்போது அருப்புக்கோட்டையில் பயிற்சி எடுக்கிறான். வீட்டு விசேஷங்களில் பார்த்தால் பேசுவான், மாமா என்றுதான் கூப்பிடுவான். எவ்வளவு தூக்குகிறான் என்று என்னிடம் சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை, கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

பிவிசி தட்டுகளைக் காயலான் கடைக்குக்கூடப் போடவில்லை. வேறு ஒரு பையன் கைக்குப் போய்விடும் என்று உடைத்துக் கொட்டிவிட்டேன். மதுரைப் பெரியவர் சொன்னபடி ஏழடி ராடும் கொஞ்சம் இரும்பும் வாங்கிப் போட்டிருக்கிறேன். தெருப் பையன்கள் வந்து தூக்குகிறார்கள். ஒன்று சொல்ல வேண்டும்: இரும்பும் ஏமாற்றும். சாதாரண வார்ப்புத் தட்டிலும் முன்னே பின்னே இருக்கிறது. நான் வாங்கியதில் ஒரு பத்து 9.7, இன்னொன்று 10.2. வித்தியாசம் இருப்பது பாவமில்லை. ஒவ்வொரு தட்டின் உண்மை எடையையும் வெள்ளைப் பெயின்டில் அதன் மேலேயே எழுதி, சமமானவற்றை ஜோடி சேர்த்துவிட்டேன். ராடின் எடையைச் சுவரில் எழுதியிருக்கிறேன்.

வீட்டில் பிள்ளைகளுக்கு ஜிம் போட்டுக் கொடுக்கும் பெற்றோருக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். வாங்கி வந்த அன்றே, பிள்ளை கை வைப்பதற்கு முன்னால், முத்திரை வைத்த தராசில் ஒவ்வொன்றையும் எடை பாருங்கள். பழைய பேப்பர் கடையிலும் பார்க்கலாம், அரிசிக் கடையிலும் பார்க்கலாம். காரியாபட்டி, மல்லாங்கிணறு, ஆவியூர் பக்கம் இருப்பவர்கள் என் கடைக்கே கொண்டுவாருங்கள். மத்தியானத்துக்கு மேல் சம்சாரிகள் வரத்து குறைவு. எடை போட்டு, பெயின்டில் எழுதித் தருகிறேன். காசு வேண்டாம்.